தொழுநோயும் வாய் நலமும்: பரிசோதனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குத் தொழுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. உலகெங்கும் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இங்குதான் இருக்கிறார்கள். அவர்களுடைய தோலையும் நரம்புகளையும் கைகால்களையும் கண்களையும் சோதிப்பதற்கு ஒழுங்கான நடைமுறை உண்டு. வாயைத் திறந்து பார்ப்பதற்குப் பெரும்பாலான இடங்களில் அப்படியொரு நடைமுறை இல்லை. சிகிச்சையில் இருப்பவர்களும் சிகிச்சை முடித்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. சில விடைகள் பல் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

தொழுநோய் வாயின் உட்பகுதியையும் பாதிக்குமா?

பாதிக்கும். ஆனால் எல்லோருக்கும் அல்ல. உடலில் கிருமி மிகுதியாக உள்ளவர்களுக்கு, அதுவும் நோய் நெடுநாள் கண்டறியப்படாமல் இருந்தவர்களுக்குத்தான் வாயில் நேரடிப் பாதிப்பு ஏற்படுகிறது. ஒன்றிரண்டு தேமல்கள் மட்டும் உள்ளவருக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை. பாதிப்பு வரும்போது அது பெரும்பாலும் மேலண்ணத்தில் சிறு முடிச்சுகளாகவோ தடிப்பாகவோ தொடங்குகிறது, வலி இருக்காது. கவனிக்காமல் விட்டால் அந்த முடிச்சுகள் புண்ணாகி, அண்ணத்தில் துளை விழும் அளவுக்குக்கூடப் போகலாம். உள்நாக்கும் நாக்கும் உதடும் அடுத்தபடியாகப் பாதிக்கப்படும் இடங்கள்.

அண்ணத்தை இக்கிருமி நாடுவதற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. தொழுநோய்க் கிருமி 37 டிகிரி உடல் வெப்பத்தைவிடச் சற்றுக் குளிர்ந்த இடங்களில்தான் செழிக்கும். காதுச் சோணை, மூக்கு, முழங்கையை ஒட்டிய நரம்பு ஆகியவை முதலில் பாதிக்கப்படுவது அதனால்தான். மூக்கின் உட்சவ்வு வீங்கி அடைத்துக்கொள்ளும்போது நோயாளி வாய்வழியாக மூச்சுவிடத் தொடங்குகிறார். உள்ளே செல்லும் காற்று அண்ணத்தின் நடுப்பகுதியைத் தொடர்ந்து குளிர்விக்கிறது. வாய்ப் பாதிப்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கடைப்பும் இருப்பதை இந்த விளக்கம் தெளிவுபடுத்துகிறது.

1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையை (ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபாசிமைன் ஆகியவற்றைச் சேர்த்துத் தருவது) பரிந்துரைத்த பிறகு இத்தகைய கடும் வாய்ப் பாதிப்புகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இன்றைய நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படுபவை சாதாரணமான பல் சொத்தையும் ஈறு நோயும்தான். அவை சாதாரணமானவை என்பதாலேயே புறக்கணிக்கப்படுகின்றன. அது தவறு என்பதைக் கீழே விரிவாகக் காணலாம்.

மேல்முன்பற்கள் ஆடுவதற்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டா?

உண்டு. டென்மார்க்கின் நேஸ்ட்வெட் நகருக்கு அருகே இடைக்காலத் தொழுநோய் இல்லம் ஒன்றின் இடுகாட்டை அகழ்ந்து ஆராய்ந்த வில்ஹெல்ம் மோலர்-கிறிஸ்டென்சன் என்ற மருத்துவர், அங்கு கிடைத்த மண்டையோடுகளில் ஒரே விதமான சிதைவைக் கண்டார். மூக்கின் அடியில் முன்னோக்கி நீண்டிருக்கும் சிறு எலும்பு முனை தேய்ந்திருந்தது. மேல்தாடையின் முன்பகுதியில் பற்களைத் தாங்கும் எலும்பு கரைந்து, வெட்டுப்பற்கள் உதிர்ந்திருந்தன. பிற்காலத்தில் உயிருள்ள நோயாளிகளின் எக்ஸ்ரே படங்களிலும் இதே மாற்றங்கள் காணப்பட்டன.

ஆகவே, மற்றப் பற்களெல்லாம் உறுதியாக இருக்க, மேல்முன்பற்கள் மட்டும் ஆடி, கூடவே நெடுநாள் மூக்கடைப்பும் மூக்கில் இரத்தக் கசிவும் இருந்தால், பல் மருத்துவர் அந்த நபரின் காது, புருவம், கை ஆகியவற்றை ஒருமுறை பார்ப்பது நல்லது. புருவத்தின் வெளிப்பக்கத்து முடி உதிர்ந்திருப்பதும் காதுச் சோணை தடித்திருப்பதும் நாற்காலியில் அமர்ந்திருப்பவரைப் பார்த்த மாத்திரத்தில் தெரியக்கூடியவை.

அண்ணத்தில் முடிச்சோ துளையோ இருந்தால் அது தொழுநோய்தானா?

அப்படி முடிவு கட்டிவிடக் கூடாது. காசநோய், சிபிலிஸ், கறுப்புப் பூஞ்சை என்று நாம் அழைக்கும் மியூகர்மைகோசிஸ், சில வகைப் புற்றுநோய்கள், இரத்தக் குழாய்களைத் தாக்கும் சில அழற்சி நோய்கள் ஆகியவையும் அண்ணத்தைத் துளைக்கும். சிறு துண்டுத் தசையெடுத்து ஆய்வுக்கு அனுப்புவதே வழி. அனுப்பும்போது தொழுநோய்க்கான ஃபைட்-ஃபராக்கோ சாயமிடும் முறையையும் செய்யுமாறு குறிப்பில் எழுத வேண்டும். காசநோய்க் கிருமிக்கான வழக்கமான சாய முறையில் இக்கிருமி எளிதில் நிறம் இழந்துவிடும்.

வாயைச் சுரண்டி எடுத்த பூச்சில் அமிலத்தைத் தாங்கும் கிருமிகள் (தொழுநோய்க் கிருமியும் இவ்வகையே) தெரிந்தன என்பது மட்டும் போதுமான சான்றாகாது. நோய் உண்டாக்காத அதே குடும்பத்துக் கிருமிகளும் வாயிலும் மூக்கிலும் தங்கக்கூடும்.

அப்படியானால் தொழுநோயை எவ்வாறு உறுதி செய்கிறார்கள்?

மூன்று அடையாளங்களில் ஒன்றேனும் இருக்க வேண்டும். வெளிறிய அல்லது சிவந்த தேமலில் தொடுவுணர்ச்சி குறைந்திருப்பது முதலாவது. புற நரம்பு தடித்து, அது சென்று சேரும் பகுதியில் உணர்ச்சி இழப்போ தசைத் தளர்ச்சியோ இருப்பது இரண்டாவது. தோல் கீறல் பூச்சில் கிருமி தெரிவது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் ஆய்வுக்கூடமே தேவையில்லை. நல்ல வெளிச்சமும் பொறுமையும் பயிற்சி பெற்ற விரல்களும் போதும்.

மூன்றாவதைப் பலர் அஞ்சுகிறார்கள் என்பதால் அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காதுச் சோணையையோ தேமலின் விளிம்பையோ கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே இறுகப் பிடித்து, இரத்தம் வடிந்து தோல் வெளிறும்வரை காத்திருப்பார்கள். பிறகு சிறு கத்தியால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளமும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள கீறல் இட்டு, கத்தியைத் திருப்பி, கீறலின் உட்சுவரை இரண்டு மூன்று முறை சுரண்டுவார்கள். கத்தி முனையில் ஒட்டிவரும் தசைநீரைக் கண்ணாடித் தகட்டில் சிறு வட்டமாகப் பூசி, சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூச்சில் இரத்தம் கலந்தால் பார்ப்பது கடினம்; பிடி தளராமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். காயம் ஊசி குத்திய இடம்போல ஓரிரு நாளில் ஆறிவிடும். முடிவு 0 முதல் 6+ வரை அளவிடப்படுகிறது. 1+ என்றால் நூறு பார்வைப் புலங்களில் (நுண்ணோக்கியில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டமே ஒரு புலம்) ஒன்று முதல் பத்துக் கிருமிகள், 6+ என்றால் ஒவ்வொரு புலத்திலும் ஆயிரத்துக்கு மேல்.

பூச்சில் கிருமி தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஒரு கிராம் திசுவில் ஏறத்தாழ பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் இம்முறையில் தென்படும். கிருமி குறைவாக உள்ள வகையில் பூச்சு எப்போதும் 0 என்றே வரும்.

எச்சிலை வைத்தோ வாயைத் துடைத்து எடுத்தோ தொழுநோயைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஆராய்ச்சி நடந்து வருகிறது. மருத்துவமனையில் அதை நம்பி முடிவெடுக்கும் நிலை இன்னும் வரவில்லை. இங்கு இரண்டு வழிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை. தொழுநோய்க் கிருமியை இன்றுவரை எந்த ஆய்வுக்கூட ஊடகத்திலும் வளர்க்க முடிந்ததில்லை. எலியின் பாதத்திலும் அர்மடில்லோ என்னும் விலங்கிலும்தான் அது வளர்கிறது. ஒருமுறை இரட்டிப்பாவதற்கே 12 முதல் 14 நாட்கள் ஆகின்றன. 2001-இல் இக்கிருமியின் முழு மரபணு வரிசை வெளியானபோது காரணம் விளங்கியது. தனித்து வாழத் தேவையான பல மரபணுக்கள் அதில் சிதைந்து செயலற்றுக் கிடந்தன. அந்த முதல் வரிசை தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெற்ற கிருமியிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த வகைக்கு டி.என். என்றே பெயர். அவ்வரிசையில் ஒரே துண்டு முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் துண்டைக் குறிவைத்துத் தேடும் பி.சி.ஆர். மிகச் சில கிருமிகளையும் காட்டிக்கொடுக்கும். பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் இதைக் கொண்டு கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்த மாதிரிகளைச் சோதித்து, நோயாளிகளில் ஒரு பகுதியினரிடமும், நோய் அறிகுறியே இல்லாத அவர்களுடைய வீட்டாரில் சிலரிடமும் கிருமியின் மரபணுவைக் கண்டார்கள். மூக்குடன் வாயும் கிருமி வெளியேறும் வழியாக இருக்கலாம் என்பதற்கு இது ஒரு சான்று. ஆனால் மரபணு இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. உயிருள்ள கிருமிக்கும் இறந்த கிருமிக்கும் இப்பரிசோதனை வேறுபாடு காட்டாது.

இரண்டாவது, பி.ஜி.எல்-1 என்ற, தொழுநோய்க் கிருமிக்கே உரிய கொழுப்புப் பொருளுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிரணுக்களை இரத்தத்திலோ எச்சிலிலோ அளப்பது. கிருமி மிகுதியாக உள்ளவர்களிடம் இது பெரும்பாலும் நேர்மறையாக வரும். அவர்களைத் தோலைப் பார்த்தே அடையாளம் காணலாம். ஒன்றிரண்டு தேமல் உள்ளவரிடம், அதாவது உதவி உண்மையில் தேவைப்படும் இடத்தில், இது பெரும்பாலும் எதிர்மறையாகவே வருகிறது. நோய் பரவலாக உள்ள ஊர்களில் நலமாக இருப்பவர்களிடமும் நேர்மறையாக வருகிறது. பிரேசில் அரசு நோயாளியுடன் வாழ்வோரைக் கண்காணிக்க இத்தகைய விரைவுப் பரிசோதனையைத் தன் பொதுச் சுகாதாரத் திட்டத்தில் சேர்த்துள்ளது. அங்கும் அது தோல் பரிசோதனைக்குத் துணைதான்.

வீட்டில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவர்கள் எச்சில் பரிசோதனையைத் தேடி அலைய வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தோலைக் காட்டி, நோய் இல்லை என்று உறுதியானபின், மருத்துவர் தகுதியானவர் எனக் கருதினால் ஒரே ஒரு வேளைக்கான ரிஃபாம்பிசின் மருந்து தடுப்பாகத் தரப்படும். பணம் வாங்கிக்கொண்டு 'ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும்' பரிசோதனை என்று யாரேனும் சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

பல் சொத்தைக்கும் தொழுநோய் எதிர்வினைக்கும் என்ன தொடர்பு?

இப்பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

தொழுநோயில் கை மடங்குவதும் கண் மூடாமல் போவதும் பெரும்பாலும் 'ரியாக்‌ஷன்' என்று எல்லோரும் சொல்லும் எதிர்வினைகளால்தான். கிருமிக்கு எதிராக உடலின் தற்காப்பு திடீரென்று கிளர்ந்தெழுவதே எதிர்வினை. ஒரு வகையில் பழைய தேமல்கள் சிவந்து வீங்கி, நரம்பு வலியெடுத்து, சில நாட்களுக்குள் கையோ காலோ தளரும். இன்னொரு வகையில் காய்ச்சலுடன் தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சுகள் எழும். மூட்டு வீங்கும், கண் சிவக்கும். மருந்து உட்கொள்ளும்போதும் இவை வரலாம். மருந்து முடித்துச் சில ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

உடலில் வேறெங்கோ புகைந்துகொண்டிருக்கும் தொற்று இந்த எதிர்வினையைத் தூண்டலாம், அல்லது அடங்கவிடாமல் நீட்டிக்கலாம் என்பது நீண்டகால மருத்துவ அனுபவம். சீழ் பிடித்த பல்வேர், இரத்தம் கசியும் ஈறு, உடைந்து வாயிலேயே தங்கிவிட்ட வேர்த்துண்டு ஆகியவை அத்தகைய தொற்றுகள். வாய்த் தொற்று உள்ளவர்களிடம் எதிர்வினை கூடுதலாகக் காணப்படுவதைப் பிரேசிலில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. பல்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தூண்டும் காரணிகளுள் அது ஒன்று. எனினும் இது எளிதில் அகற்றக்கூடிய காரணி. எதிர்வினையை அடக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசலோனின் அளவைக் குறைக்கும்போதெல்லாம் முடிச்சுகள் திரும்பத் தோன்றும் ஒருவருக்கு, மருந்தின் அளவை மீண்டும் கூட்டுவதற்கு முன் ஒருமுறை வாயைப் பார்த்து, ஒரு பல் எக்ஸ்ரேயும் எடுத்துவிடுவது அவருக்குச் செய்யும் பெரிய உதவி. என் கருத்தில், முதல் மாத்திரைப் பட்டை கொடுக்கப்படும் நாளிலேயே பல் மருத்துவருக்கான பரிந்துரைச் சீட்டும் கொடுக்கப்பட வேண்டும்.

சொத்தை இருந்தும் வலியே தெரியவில்லை. அது நல்லதுதானே?

அல்ல. முகத்தின் உணர்ச்சி நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் உதடு, கன்னம், அண்ணம் ஆகிய இடங்களில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். அத்தகையவருக்குச் சூடான காப்பி அண்ணத்தைச் சுட்டுப் புண்ணாக்குவதும், பொருந்தாத பல்செட் ஈறை அறுப்பதும் தெரியாமல் போகும். வலி வந்தால் போகலாம் என்று காத்திருக்காமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டிலேயே வாரம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, டார்ச் வெளிச்சத்தில் ஈறு, நாக்கின் அடி, அண்ணம் மூன்றையும் பார்த்துக்கொள்ளலாம். பார்வை குறைந்தவருக்கு வீட்டில் உள்ள ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

விரல்கள் மடங்கிவிட்டன. பல் துலக்குவது எப்படி?

மெல்லிய பிரஷ் காம்பைப் பிடிக்க முடியாததால்தான் பலருடைய ஈறு கெடுகிறது. காம்பைத் தடிமனாக்கினால் பெரும்பாலோருக்குச் சிக்கல் தீர்ந்துவிடும். சைக்கிள் கைப்பிடியில் மாட்டும் ரப்பர் உறையைக் காம்பின்மேல் செருகி, உள்ளே துணியைத் திணித்து இறுக்கிக்கொள்ளலாம். பிடியே இல்லாதவருக்கு உள்ளங்கையைச் சுற்றி ஒட்டும் பட்டை தைத்து அதில் பிரஷ்ஷைச் செருகித் தரலாம். தோலை உரசும் விளிம்பு எதுவும் இருக்கக் கூடாது. உணர்ச்சியற்ற கையில் அது மறுநாளே புண்ணாகும். செங்கல் பொடி, சாம்பல், கரித்தூள் ஆகியவற்றை விரலால் தேய்ப்பது பல்லையும் தேய்க்கும், விரலையும் புண்ணாக்கும்.

நரம்பு மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையென்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் மடங்கிய விரல்களை நிமிர்த்த முடியும். வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வளர்த்தெடுத்த இக்கலை, அருகிலுள்ள கரிகிரி ஷிஃபலின் நிலையம் உள்ளிட்ட இடங்களில் தொடர்கிறது. தகுதியுள்ளவர்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டும்.

மருந்துகளால் வாயில் மாற்றம் வருமா?

ரிஃபாம்பிசின் உட்கொண்ட நாளில் சிறுநீரும் எச்சிலும் செம்மஞ்சளாக இருக்கும். அது இரத்தம் அல்ல, தீங்கும் இல்லை. க்ளோஃபாசிமைன் தோலைக் கருஞ்சிவப்பாக்கி உலர்த்தும். மருந்து நின்றபின் நிறம் மெல்ல மங்கும். பிரெட்னிசலோன் நெடுநாள் எடுப்பவருக்கு நாக்கிலும் கன்னத்திலும் தயிர்த் திப்பிபோல் வெண்படலம் படியலாம். அது பூஞ்சைத் தொற்று. வாயில் பூசும் மருந்தே பெரும்பாலும் போதும்.

டாப்சோன் பற்றிக் கூடுதல் கவனம் தேவை. உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலும் தோல் தடிப்பும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வந்தாலோ, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தொழுநோய் மருந்து எடுப்பவரின் மற்றப் பரிசோதனை முடிவுகளை அப்படியே நம்பலாமா?

மூன்று இடங்களில் ஏமாற வாய்ப்புண்டு. பல் சிகிச்சைக்கு முன் சர்க்கரை பார்க்க, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்ற இரத்தப் பரிசோதனை எடுக்கிறார்கள். டாப்சோன் சிவப்பணுக்களின் ஆயுளைக் குறைப்பதால் இந்த எண் உண்மையைவிடக் குறைவாக வரும். அதே நபர் பிரெட்னிசலோனும் எடுத்தால் சர்க்கரை ஏறியிருக்கும், ஆனால் காகிதத்தில் தெரியாது. எனவே வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் இரத்தச் சர்க்கரையை நேரடியாகப் பார்க்க வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுக் கருவி, டாப்சோன் எடுப்பவரிடம் நுரையீரல் கோளாறு இல்லாமலே குறைந்த எண்ணைக் காட்டலாம். மருந்தால் ஹீமோகுளோபினின் ஒரு பகுதி ஆக்சிஜனை ஏந்த முடியாத வடிவத்துக்கு மாறுவதே காரணம். ஆக்சிஜன் கொடுத்தும் எண் ஏறாவிட்டால் அந்த மாறிய வடிவமான மெத்ஹீமோகுளோபினை அளக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும்.

கிருமி மிகுந்த தொழுநோயில் வி.டி.ஆர்.எல். என்னும் சிபிலிஸ் பரிசோதனை பொய்யாக நேர்மறை காட்டலாம். உறுதிப்படுத்தும் அடுத்த பரிசோதனை செய்யாமல் அதை நோயாளியிடம் சொல்வது ஒரு குடும்பத்தையே குலைத்துவிடும்.

சிகிச்சை நடக்கும்போது பல் பிடுங்கலாமா?

பிடுங்கலாம், வேர் சிகிச்சையும் செய்யலாம். கூட்டு மருந்தை அதற்காக ஒருநாளும் நிறுத்த வேண்டாம். ஹீமோகுளோபின் அளவை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. மரத்துப்போகும் ஊசிக்கு லிக்னோகெய்ன் ஏற்றது. டாப்சோன் எடுப்பவருக்கு பிரிலோகெய்னைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் மேலே சொன்ன ஹீமோகுளோபின் மாற்றத்தை இரண்டும் சேர்ந்து பெருக்கும். பென்சோகெய்ன் கலந்த வாய்க் களிம்புக்கும் இது பொருந்தும். பிரெட்னிசலோன் எடுப்பவர் அன்றைய மாத்திரையைத் தவறவிடக் கூடாது. எத்தனை நாளாக என்ன அளவில் எடுக்கிறார் என்பதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடும் எதிர்வினை நடக்கும்போது அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிவைக்கலாம். சீழைத் தள்ளிவைக்கக் கூடாது.

பல் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல் வீக்கத்துக்கு ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த மாத்திரையைப் பழக்கத்தால் எழுதிவிடுகிறோம். ஆஃப்லாக்சசின் தொழுநோய்க்கான இரண்டாம் நிலை மருந்து; அதைக் காத்து வைப்பது நல்லது. அமாக்சிசிலின் பொருந்துபவருக்கு அதுவே போதும்.

பல் மருத்துவருக்கோ அடுத்த நோயாளிக்கோ தொற்றுமா?

கூட்டு மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே நோய் பரப்பும் தன்மை நீங்கிவிடுகிறது. கையுறை, முகக்கவசம், கருவிகளை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கருவியில் சுத்திகரிப்பது ஆகிய வழக்கமான நடைமுறைகளே போதும். தனி நாற்காலியோ தனி நேரமோ தேவையில்லை. நோயைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களையும் தன் பாதுகாப்புக்குள் சேர்த்திருக்கிறது. மறுக்கப்பட்டவர் மாவட்டத் தொழுநோய் அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

மருந்து முடிந்தும் பூச்சில் கிருமி தெரிகிறதே?

அவை பெரும்பாலும் இறந்த கிருமிகள். உடல் அவற்றை மெதுவாகத்தான் அப்புறப்படுத்தும். அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு படி வீதம் குறையும். 5+ இருந்தவருக்கு முற்றிலும் மறையச் சில ஆண்டுகள் ஆகலாம். புதிய தேமல் தோன்றினாலோ எண் மீண்டும் ஏறினாலோ மட்டும் மறுபரிசோதனை தேவை. அந்தச் சில ஆண்டுகளும் எதிர்வினை வரக்கூடிய காலம் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் பல் பரிசோதனையை மருந்து முடிந்த நாளோடு நிறுத்திவிடக் கூடாது. நரம்பு வலியோ புதிய முடிச்சோ தோன்றிச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்லும்போது, அண்மையில் பல் வலியோ ஈறு வீக்கமோ இருந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.